டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளி ஃபுட்பாலும் வகுப்பறையும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெக்சாஸில் குடியேறிப் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். ஹூஸ்டன் புறநகர்ப் பள்ளிகளில் பதிலி ஆசிரியராக வேலை பார்க்கிறேன். அதனால் வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி இந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் பலர். இங்கே ஃபுட்பால் என்று எழுதுவதெல்லாம் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்தைத்தான்.

ஒரு பள்ளிக்கூட ஆட்டத்துக்கு இந்த மாநிலத்தில் ஏன் இத்தனை மரியாதை?

மேற்கு டெக்சாஸின் சிற்றூர்களுக்குப் போய்ப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கடைத்தெரு பாதி மூடிக் கிடக்கும், சினிமாக் கொட்டகை இருக்காது, ஆனால் பள்ளிக்கூடமும் அதன் மைதானமும் இருக்கும். ஊரார் எல்லோரும் ஒன்றாக உட்காரும் ஒரே இடம் வெள்ளிக்கிழமை இரவின் அந்த மரப் படிக்கட்டுகள்தான். ஆடுவது யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நம் ஊரில் தேர்த்திருவிழாவுக்குக் கூடும் கூட்டம்போல ஆகஸ்டு கடைசியிலிருந்து வாராவாரம் கூடுகிறார்கள்.

இந்தப் போட்டிகளை நடத்துவது யு.ஐ.எல். எனப்படும் யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1910இல் தொடங்கிய அமைப்பு இது. விவாதம், எழுத்துக்கூட்டல், மனக்கணக்கு முதலிய படிப்புப் போட்டிகளையும் இதே அமைப்புதான் நடத்துகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை பிரித்திருக்கிறார்கள். பதினொரு பேர் சேராத மிகச் சிறிய பள்ளிகள் ஆறு பேர் ஆடும் ஃபுட்பாலை ஆடுகின்றன. வழக்கமான பருவத்தில் ஓர் அணிக்குப் பத்து ஆட்டங்கள் வரை உண்டு. வென்றுகொண்டே போனால் டிசம்பரில் ஆர்லிங்டனில் டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி.

வெள்ளி இரவுக்குச் சட்டத்தின் காவலும் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், பள்ளிப் பருவத்தில் வெள்ளி இரவில் தொழில்முறை ஆட்டங்களை ஒளிபரப்பிப் பள்ளி ஆட்டங்களின் கூட்டத்தைக் கெடுத்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறது.

60 மில்லியன் டாலருக்கு ஸ்டேடியம் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தை ஆசிரியர் சம்பளத்துக்குக் கொடுத்தால் என்ன?

கொடுக்க முடியாது. சட்டம் அனுமதிக்கவில்லை. அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது, அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

உங்கள் வீட்டுக்கு வரும் சொத்து வரி ரசீதில் பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) வரி இரண்டு பகுதிகளாக இருக்கும். ஒன்று பராமரிப்புக்கும் நடைமுறைச் செலவுக்கும் உரியது. ஆசிரியர் சம்பளம், மின்கட்டணம், பஸ் எரிபொருள் எல்லாம் அதிலிருந்து போகின்றன. மற்றது கடனும் வட்டியும் அடைப்பதற்கு உரியது. மாவட்டம் வாக்கெடுப்பு நடத்திக் கடன் பத்திரம் வெளியிட்டு, அந்தப் பணத்தில் கட்டடம், நிலம், பஸ், கணினி போன்றவற்றை வாங்கலாம். அதில் ஒரு டாலரைக்கூடச் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது.

டாலஸுக்கு வடக்கே ஆலன் நகர வாக்காளர்கள் 2009இல் ஒப்புதல் தந்து, 2012இல் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் திறந்தது. செலவு ஏறக்குறைய 60 மில்லியன் டாலர். இரண்டே ஆண்டுகளில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு அதை மூடினார்கள். பழுது பார்த்து 2015இல்தான் மறுபடி திறந்தார்கள். ஹூஸ்டன் அருகே கேட்டி நகரில் 2017இலும் டாலஸ் அருகே மெக்கின்னி நகரில் 2018இலும் 12,000 இருக்கைகளோடு திறந்த ஸ்டேடியங்கள் ஒவ்வொன்றுக்கும் சுமார் 70 மில்லியன் ஆனது.

சம்பளப் பணம் வேறு, ஸ்டேடியப் பணம் வேறு என்று மாவட்ட அதிகாரிகள் சொல்வது உண்மை. அதோடு பேச்சு முடிந்துவிட்டது என்று அவர்கள் நினைப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. கணக்கு இரண்டாக இருந்தாலும் வரி கட்டும் குடும்பம் ஒன்றுதான். ஸ்டேடியக் கடனுக்கு ஒருமுறை கைதூக்கிய வாக்காளரிடம், அடுத்த ஆண்டு சம்பள உயர்வுக்காக நடைமுறை வரியை ஏற்றத் தனி வாக்கெடுப்பு வைத்துப் போய் நின்றால் அவர் முகம் சுளிக்கிறார். கட்டி முடித்த பிறகு ஸ்டேடியத்தின் விளக்குக்கும் தண்ணீருக்கும் காவலுக்கும் ஆகும் செலவோ சம்பளம் தரும் அதே கணக்கிலிருந்துதான் போகிறது.

2019இல் ஒரு நல்ல மாற்றம் வந்தது. ஆயிரத்துக்கு மேல் இருக்கைகள் கொண்ட ஸ்டேடியத்துக்கான கடனை, வகுப்பறைகளுக்கான கடனோடு சேர்த்துக் கட்டி ஒரே கேள்வியாக வாக்காளர் முன் வைக்க முடியாது. தனிக் கேள்வியாகவே வைக்க வேண்டும். வாக்குச்சீட்டில் இது சொத்து வரி உயர்வு என்ற வாசகமும் அச்சிடப்பட வேண்டும்.

'நோ பாஸ், நோ பிளே' விதி என்பது என்ன?

தேறாதவர் ஆடக் கூடாது என்ற டெக்சாஸ் மாநிலச் சட்டம். ஆளுநர் மார்க் வைட் அமைத்த கல்விக் குழுவுக்கு டாலஸ் கணினித் தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமை தாங்கினார். அவர் மாநிலம் முழுக்கச் சுற்றி, பள்ளிகள் விளையாட்டுக்காகப் படிப்பை விட்டுக்கொடுக்கின்றன என்று பகிரங்கமாகப் பேசினார். அந்தக் குழுவின் பரிந்துரைகளிலிருந்து 1984இல் சட்டம் பிறந்தது. ஆசிரியர் சம்பள உயர்வு, தொடக்க வகுப்புகளில் 22 மாணவர் என்ற உச்சவரம்பு, பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குத் திறனறித் தேர்வு ஆகியவையும் அதே சட்டத்தில் இருந்தன. பெற்றோர் சிலர் நீதிமன்றம் போனார்கள். 1985இல் மாநில உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. 1986 தேர்தலில் வைட் தோற்றார். கோச்சுகளின் கோபமும் ஆசிரியர்களின் கோபமும் அதில் சேர்ந்திருந்தன.

விதி இப்போது நடப்பது இப்படி: மதிப்பெண் அறிக்கை வரும்போது ஏதேனும் ஒரு பாடத்தில் 70க்குக் கீழே இருந்தால், ஏழு நாள் கழித்து மாணவர் போட்டியில் ஆடும் தகுதியை இழக்கிறார். முதலில் இந்தத் தடை ஆறு வாரம். 1995இல் அதை மூன்று வாரமாகக் குறைத்தார்கள். மூன்று வார முடிவில் எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி நிலைக்கு வந்துவிட்டால், இன்னும் ஏழு நாளில் தகுதி திரும்பும். தடைக் காலத்திலும் அணியோடு பயிற்சி செய்யலாம்.

ஃபுட்பாலுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மார்ச்சிங் பேண்ட், நாடகம், விவாதம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஏ.பி. போன்ற மேல்நிலைப் பாடங்களுக்கு மாவட்டம் விலக்குத் தரலாம். உங்கள் மாவட்டத்தின் விலக்குப் பட்டியலை ஆகஸ்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

69ஐ 70 ஆக்கச் சொல்லி ஆசிரியரை நெருக்குவார்களா?

நெருக்குதல் இருக்கிறது. யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "இவனுக்கு விட்டுப்போன வீட்டுப்பாடம் ஏதாவது இருந்தால் தாருங்கள், இன்றே செய்யச் சொல்கிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். அது நியாயமான வேண்டுகோளாகவும் இருக்கலாம், வேறு பொருளிலும் இருக்கலாம். ஆசிரியர் புதியவராக, ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவராக இருந்தால் அவர் இரண்டாவது பொருளில்தான் படிப்பார்.

சட்டம் ஆசிரியர் பக்கம் நிற்கிறது. அவர் போட்ட மதிப்பெண் தன்னிச்சையானது, பிழையானது அல்லது மாவட்டத்தின் மதிப்பெண் விதிக்கு முரணானது என்று பள்ளி வாரியம் கண்டாலொழிய அதுவே இறுதி. இதை ஆசிரியர்களே பலர் அறிந்திருப்பதில்லை.

என் மகளின் வரலாற்று ஆசிரியர் ஃபுட்பால் கோச். கவலைப்பட வேண்டுமா?

அவர் கோச் என்பதற்காக மட்டும் கவலைப்பட வேண்டாம். ஏன் இத்தனை கோச்சுகள் வகுப்பறையில் இருக்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். யு.ஐ.எல். விதிப்படி, சில விலக்குகள் தவிர, கோச் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும். வெளியாளை மாலையில் மட்டும் கூலிக்கு அமர்த்த முடியாது. இந்த விதி நல்ல நோக்கத்தோடு வந்தது. மாணவரைப் பகலில் வகுப்பில் பார்ப்பவரே மாலையில் மைதானத்திலும் பார்க்க வேண்டும் என்பது அதன் எண்ணம். ஆனால் பெரிய பள்ளி ஒன்றுக்கு ஃபுட்பாலுக்கு மட்டுமே பத்துப் பன்னிரண்டு கோச்சுகள் தேவைப்படுகிறார்கள். அத்தனை பேருக்கும் பகலில் கற்பிக்க ஒரு பாடம் வேண்டும்.

இங்கேதான் சறுக்கல் தொடங்குகிறது. கோச் வேலைக்கான அறிவிப்புகளில் எந்த நிலை ஆட்டக்காரர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது துல்லியமாக இருக்கும். கற்பிக்க வேண்டிய பாடம் என்ற இடத்தில் "பின்னர் முடிவாகும்" என்று இருக்கும். அந்த இரண்டு சொற்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு வகுப்புக்கு ஆண்டு முழுக்க வரலாறு சொல்லித் தரப்போகிறவரை, அவர் தற்காப்பு வரிசையை எப்படி நிறுத்துவார் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்.

மாநிலத் தேர்வு உள்ள உயர்நிலைப் பாடங்கள் ஐந்து: முதல் அல்ஜீப்ரா, இரண்டு ஆங்கிலப் பாடங்கள், உயிரியல், அமெரிக்க வரலாறு. இவற்றில் முடிவு மோசமானால் பள்ளியின் தரநிலை இறங்கும். அதனால் தேர்வில்லாத உலகப் புவியியல், உலக வரலாறு, அரசியல் அமைப்பு ஆகிய பாடங்களில் கோச்சுகளை நிரப்புவதை நான் வேலை பார்த்த பள்ளிகளில் பார்க்கிறேன். அந்த வகுப்புகளில் என்ன நடந்தாலும் மாநில அறிக்கையில் தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றில் உலகப் புவியியல் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். வெளியூர் ஆட்டத்துக்காக அந்த ஆசிரியர் அணியோடு முன்னதாகவே பஸ் ஏறிவிட்டார். மேசையில் அவர் வைத்துப்போன கோப்பில் ஆப்பிரிக்க ஆறுகளின் பெயரை நிரப்பும் வரைபடத் தாள் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். முன்வரிசையில் இருந்த பெண், "மிஸ், போன வெள்ளிக்கிழமையும் இதே தாள்தான்" என்றாள். தன் பையிலிருந்து முடித்த தாளை எடுத்து நீட்டினாள். நைல், காங்கோ, நைஜர் எல்லாம் அழகான கையெழுத்தில் சரியாக இருந்தன. திருத்திய குறி எதுவும் இல்லை.

அதே கட்டடத்தில் அல்ஜீப்ரா நடத்தும் இன்னொரு கோச்சையும் சொல்ல வேண்டும். கணக்கைத் தவறாகப் போட்ட மாணவரைப் பலகையை முழுக்க அழிக்க விடமாட்டார். தவறு நுழைந்த வரியைக் கண்டுபிடிக்கச் சொல்லி, அந்த வரியிலிருந்து மட்டும் மறுபடி போடச் சொல்வார். ஆட்டத்தின் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டும் பழக்கம் அவருக்குக் கணக்கிலும் கைகொடுக்கிறது. அப்படிப்பட்ட ஆசிரியர் என் பிள்ளைக்குக் கிடைத்தால் நான் சந்தோஷப்படுவேன்.

ஃப்ளோரிடா மாநிலத் தரவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, மாணவர் மதிப்பெண்ணை உயர்த்துவதில் கோச்சாகவும் இருக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் மற்றவர்களுக்குச் சமமாகவே இருப்பதாகச் சொன்னது. அது கணிதத்தையும் வாசிப்பையும் பற்றியது. தேர்வில்லாத பாடங்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, என் கவலையோ அங்கேதான் இருக்கிறது.

ஆசிரியர் பற்றாக்குறைக்கும் ஃபுட்பாலுக்கும் நேரடித் தொடர்பு உண்டா?

பற்றாக்குறையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மாணவருக்கு மாநிலம் தரும் அடிப்படைத் தொகை 2019 முதல் 6,160 டாலராகவே நின்றது. இடையில் வந்த விலையேற்றம் நாம் எல்லோரும் அனுபவித்தது. 2025இல் சட்டமன்றம் அதில் 55 டாலரைத்தான் கூட்டியது. பெரிய உயர்வு ஆசிரியர் சம்பளத்துக்கெனத் தனியாக வந்தது. 5,000 மாணவருக்கு மேல் உள்ள மாவட்டங்களில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவருக்கு ஆண்டுக்கு 5,000 டாலர், சிறிய மாவட்டங்களில் 8,000. மூன்று நான்கு ஆண்டு ஆனவர்களுக்கு இதில் பாதி.

அதற்குள் நிறைய நடந்துவிட்டது. 2015இல் வந்த ஒரு சட்டம், மாவட்டங்கள் ஆசிரியர் சான்றிதழ் விதியிலிருந்து விலக்குப் பெற வழி திறந்தது. 2023-24 கல்வியாண்டில் டெக்சாஸில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் சான்றிதழ் இல்லை. சிற்றூர் மாவட்டங்கள் பல, ஆசிரியரை ஈர்ப்பதற்காக வாரம் நான்கு நாள் பள்ளிக்கு மாறின. ஆண்டுக்கு இத்தனை நாள் என்ற கணக்குப் போய் 75,600 நிமிடம் என்ற கணக்கு வந்ததால் அது முடிந்தது.

இந்த நிலையில் ஃபுட்பால் மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. முதலாவது, காலியிடம். ஓர் ஆசிரியர் ஓய்வு பெறும்போது அந்த இடத்தை நல்ல ஆசிரியருக்குத் தருவதா, அணிக்குத் தேவையான கோச்சுக்குத் தருவதா என்று முதல்வர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கோச்சாக விருப்பமில்லாத, வரலாற்றில் பட்டம் பெற்ற ஒரு பெண் பள்ளியின் சமூக அறிவியல் துறையில் வேலை தேடிப் பார்க்கட்டும், எத்தனை கதவு மூடியிருக்கிறது என்று தெரியும்.

இரண்டாவது, கும்பலாகப் போவது. பருவம் மோசமாக முடிந்தால் தலைமைக் கோச்சை மாற்றுவார்கள். அவரோடு உதவிக் கோச்சுகளும் வேறு ஊர் தேடுவார்கள். புதியவர் தன் ஆட்களைக் கூட்டி வருவார். அணியைப் பொறுத்தவரை இது வழக்கமான மாற்றம். சமூக அறிவியல் துறையைப் பொறுத்தவரை ஒரே கோடையில் நான்கைந்து ஆசிரியர்கள் காணாமல் போய்விட்டார்கள். பள்ளி திறப்பதற்கு 45 நாள் முன்பு வரை ஒப்பந்த ஆசிரியர் தண்டனையின்றி விலகலாம் என்பதால், ஜூன் கடைசி வரை எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. டென்னிஸ் கோச் மாறினால் இப்படி நடப்பதில்லை.

மூன்றாவது, நேரம். கோச்சுகள் எல்லோரும் அணியின் பயிற்சி நடக்கும் பிரிவேளையில் ஒன்றாக ஓய்வாக இருந்தாக வேண்டும். பத்துப் பேரை ஒரே பிரிவேளையில் வகுப்பிலிருந்து விடுவித்தால், அந்தப் பிரிவேளையில் மீதி ஆசிரியர்களின் வகுப்புகள் நிரம்பி வழிகின்றன.

சிற்றூர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே கோச் பதவி இருப்பதால்தான் ஓர் அறிவியல் ஆசிரியரே கிடைக்கிறார். அவரே பஸ்ஸும் ஓட்டுவார், தடகளத்தையும் பார்த்துக்கொள்வார். வெறும் ஆசிரியர் வேலைக்கு அந்த ஊருக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

தலைமைக் கோச்சுக்கு எவ்வளவு சம்பளம்?

பெரிய பள்ளிகளில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். மாநிலத்தில் ஆசிரியரின் சராசரிச் சம்பளம் 2023-24இல் அறுபதாயிரத்தைச் சற்றே தாண்டி நின்றது. ஒப்பந்த நாட்கள் அதிகம், வார இறுதியும் கோடையும் வேலை என்று காரணம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. வார இறுதியில் வீட்டில் கட்டுரை திருத்தும் ஆங்கில ஆசிரியரின் மணிநேரங்களை யாரும் இப்படி எண்ணிப் பார்ப்பதில்லை என்பதும் உண்மை.

ஃபுட்பாலையே நிறுத்திவிட்ட பள்ளி உண்டா? என்ன ஆயிற்று?

உண்டு. தெற்கு டெக்சாஸில் ஜிம் வெல்ஸ் கவுண்டியில் உள்ள பிரீமாண்ட். பணமும் படிப்பும் சரிந்து, அந்தப் பள்ளி மாவட்டத்தையே மூடிவிடப் போவதாக மாநிலம் எச்சரித்திருந்தது. 2012இல் கண்காணிப்பாளர் எர்னஸ்ட் சிங்கிள்டன் ஃபுட்பால் உட்பட எல்லா விளையாட்டுகளையும் நிறுத்தினார். ஓராண்டில் சுமார் 1,50,000 டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. அந்த ஊரில் ஓர் ஃபுட்பால் ஆட்டக்காரருக்கு ஆன செலவு 1,300 டாலர், கணிதத்துக்கு ஒரு மாணவருக்கு ஆன செலவு 618 டாலர்.

ஊர் கொதித்தது. ஆட்டத்துக்காகச் சில மாணவர்கள் பக்கத்து மாவட்டங்களுக்குப் போனார்கள். விளையாட்டு இல்லாத அந்த முதல் இலையுதிர்ப் பருவத்தில் மாணவர்களில் 80 சதவீதம் பேர் பாடங்களில் தேறினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அது 50 சதவீதம். ஆசிரியர்-பெற்றோர் சந்திப்புக்கு முன்பு வந்தவர்கள் ஆறு பேர், அந்த ஆண்டு சுமார் 160 பேர்.

எனக்கு இந்த இரண்டாவது எண்தான் பெரிதாகப் படுகிறது. பெற்றோருக்குப் பள்ளிக்கு வர நேரமும் விருப்பமும் எப்போதும் இருந்திருக்கின்றன, பள்ளி அவர்களை அழைத்தது மைதானத்துக்கு மட்டும்தான்.

விளையாட்டு பிறகு படிப்படியாகத் திரும்பியது. மாவட்டமும் பிழைத்தது, இன்றும் இருக்கிறது. பக்கத்துச் சிறு மாவட்டங்களோடு சேர்ந்து ஆளுக்கொரு சிறப்புப் பாடப்பிரிவை நடத்தி, மாணவர்களைப் பகிர்ந்துகொள்கிறது. எல்லாப் பள்ளியும் பிரீமாண்ட் செய்ததைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூழ்கும் நிலையில் செய்தது அது. ஆனால் ஆட்டம் நின்றால் ஊர் செத்துவிடும் என்ற பேச்சுக்கு அங்கே பதில் இருக்கிறது.

என் மகன் சேர விரும்புகிறான். வாரத்துக்கு எவ்வளவு நேரம் போகும்?

வகுப்பு நேரத்துக்கு வெளியே, திங்கள் முதல் வெள்ளி வரை பயிற்சி எட்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது மாநில விதி. இதைக் கேட்டதும் பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் பள்ளி நேரத்துக்குள்ளேயே தினமும் ஒரு பிரிவேளை பயிற்சி உண்டு, அது இந்த எட்டில் வராது. போட்டி நேரமும் பயணமும் வராது. சனிக்கிழமை காலை வீடியோ பார்ப்பதும் வராது.

பத்தாம் வகுப்பு மாணவர் பெரும்பாலும் இளையோர் அணியில் இருப்பார், அவருக்கு ஆட்டம் வியாழக்கிழமை. வெளியூர் ஆட்டம் என்றால் பஸ் திரும்பிப் பள்ளி வாசலில் நிற்கும்போது இரவு பத்து மணியாகிவிடும். புல் ஒட்டிய உடுப்புப் பையோடு காரில் ஏறும் பையன், வீடு வந்து குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது பதினொன்று. மறுநாள் வெள்ளி. வேதியியல் ஆசிரியருக்குத் தேர்வு வைக்க வெள்ளிதான் பிடிக்கும். இதை முன்கூட்டியே பேசி, புதன் இரவே படித்து முடிப்பது என்று வழக்கப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள் சமாளித்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த சிலருக்கு அந்தக் கட்டாயமே நேரத்தை ஆளக் கற்றுத்தந்தது.

பாடத் தேர்வில் மோதல் வருமா?

வரும். மேல்நிலை இயற்பியல் போன்ற பாடங்களுக்குப் பள்ளியில் ஒரே ஒரு பிரிவுதான் இருக்கும். அது அணியின் பிரிவேளையில் விழுந்தால் இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதுதான். ஜனவரி, பிப்ரவரியில் பாடத் தேர்வுப் படிவம் வரும்போதே ஆலோசகரிடம் இதைக் கேளுங்கள். ஆகஸ்டில் கேட்டால் எதுவும் நடக்காது.

விளையாட்டுப் பாடத்தின் மதிப்பெண் வகுப்புத் தரவரிசைக் கணக்கில் சேருமா என்பதையும் கேளுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி வகுப்பின் முதல் பத்து சதவீதத்தினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினில் அந்த வரம்பு 2026 சேர்க்கையிலிருந்து ஐந்து சதவீதமாகச் சுருங்கிவிட்டதால், தசமப் புள்ளிகள்கூட முக்கியமாகிவிட்டன.

கல்லூரி உதவித்தொகை கிடைக்கும் என்கிறார்களே?

நாடு முழுக்கச் சுமார் பத்து லட்சம் பேர் உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் ஆடுகிறார்கள். கல்லூரி அணிகளுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். முதல் பிரிவுக் கல்லூரிகளுக்குப் போகிறவர்கள் அதிலும் பாதிக்கும் குறைவு. அவர்களும் 16 அடிப்படைப் பாடங்களை 2.3 சராசரியோடு முடித்திருக்க வேண்டும். விருப்பத்துக்காக ஆடட்டும், உதவித்தொகையை நம்பி ஆட வேண்டாம்.

தலையில் அடிபடுமே?

படும் அபாயம் இருக்கிறது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டால் மருத்துவர் ஒப்புதலின்றி மாணவர் திரும்ப ஆடக் கூடாது என்று 2011 முதல் மாநிலச் சட்டம் இருக்கிறது. முழு வேக மோதல் பயிற்சி, ஓர் ஆட்டக்காரருக்கு வாரம் 90 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று யு.ஐ.எல். வைத்திருக்கிறது. பள்ளியில் ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும், உரிமம் பெற்ற அத்லெட்டிக் டிரெய்னர் முழுநேரமாக இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் என் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.

நம் பிள்ளைகள் பலரும் மார்ச்சிங் பேண்டில்தானே இருக்கிறார்கள்?

ஆமாம், அதனால் ஃபுட்பால் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஒதுங்க முடியாது. ஆட்டம் இருக்கும் வெள்ளி எல்லாம் பேண்டும் அங்கே இருக்கும். எட்டு மணி நேர விதியும் தேர்ச்சி விதியும் அவர்களுக்கும் உண்டு. மார்ச்சிங் பேண்டை உடற்கல்விக்குப் பதிலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் ஒரு பாடவேளை மிச்சமாகும்.

எங்களுக்கு வாக்குரிமை இல்லை. விசாவில் இருக்கிறோம். நாங்கள் என்ன செய்ய முடியும்?

சொத்து வரி கட்டுகிறீர்கள், கடன் பத்திரத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. பள்ளி வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. பசுமை அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான். ஆனால் வாரியக் கூட்டத்தில் பேசலாம். நிகழ்ச்சிநிரலில் உள்ள பொருள் பற்றிப் பேச விரும்பும் பொதுமக்களுக்கு, அந்தப் பொருள் விவாதத்துக்கு வருமுன்போ வரும்போதோ வாய்ப்புத் தர வேண்டும் என்று 2019 முதல் சட்டமே சொல்கிறது. குடியுரிமை கேட்க மாட்டார்கள். சில நிமிடங்கள் தருவார்கள்.

மே மாதத்திலும் நவம்பரிலும் வரும் கடன் தேர்தல்களின்போது மட்டும் நம்மவர்கள் விழித்துக்கொள்கிறார்கள். ஆசிரியர் ஒப்பந்தங்களும் அடுத்த ஆண்டுப் பணியிடங்களும் முடிவாவது வசந்த காலத்தில், பிப்ரவரி முதல் மே வரையிலான கூட்டங்களில். அந்தக் கூட்டங்களில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். போய்ப் பேசுங்கள்.

ஸ்டேடியத்தைப் பற்றிக் கோபமாகப் பேசினால் கைதட்டல் கிடைக்கும், பதில் கிடைக்காது. நான் கேட்கச் சொல்வது மூன்று: சமூக அறிவியல் துறையில் எத்தனை பேர் கோச் பொறுப்பும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் மூன்றாண்டுக்கு மேல் அதே பாடத்தை நடத்துகிறார்கள்? கோச்சை வேலைக்கு எடுக்கும் நேர்காணலில் அந்தத் துறைத் தலைவர் உட்காருகிறாரா? மூன்றாவதற்கு "இல்லை" என்று பதில் வந்தால், அடுத்த பணியமர்த்தலிலிருந்து துறைத் தலைவர் உட்கார வேண்டும், அவர் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். இதற்கு வாக்கெடுப்பும் வேண்டாம், பணமும் வேண்டாம். முதல்வர் ஒருவர் மனம் வைத்தால் செய்துவிட முடியும்.